அப்பாவின் வலது கண்ணும் பச்சைக் கதிரும்

என் வேலையில் நான் அடிக்கடி பார்க்கும் சொல் 'சரி'. காலையில் இயந்திரத்தின் சுவிட்சைத் திறந்ததும் அது தன்னைத் தானே சோதித்துக்கொண்டு, திரையின் மூலையில் பச்சை எழுத்தில் அந்தச் சொல்லைக் காட்டும். கதிர் நேராக இருக்கிறது, வேலையைத் தொடங்கலாம் என்று அர்த்தம். எழுத்து ஆங்கிலம்தான், ஆனால் என் மனதுக்குள் அது தமிழில்தான் கேட்கும். இயந்திரத்துக்கு யோசனையே கிடையாது. நானோ வீட்டுக் கதவைப் பூட்டினேனா என்ற சந்தேகத்தில் எங்கள் குடியிருப்பான தாமானின் சந்திவரை போன காரைத் திருப்பிக்கொண்டு வருகிறவள். பூட்டித்தான் இருக்கும். இருந்தாலும் கைப்பிடியை ஓர் ஆட்டு ஆட்டிப் பார்த்தால்தான் என்னால் வேலைக்குப் போக முடியும்.

ஈப்போவில் இருந்துகொண்டு, பேராக் மாநிலத்துக் கண் கிளினிக்குகளில் இருக்கும் லேசர் இயந்திரங்களைப் பராமரிப்பதுதான் என் தொழில். இவ்வளவு பயப்படுகிறவள் எப்படி இந்த வேலைக்கு வந்தாய் என்று கேட்பார்கள். பயப்படுவதால்தான் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்துவிடுவேன். உள்ளுக்குள் அது சிரிப்பாக இருந்ததில்லை.

அந்த இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உள்ளே இரண்டு கதிர்கள் உண்டு. சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று. சிவப்பு யாரையும் ஒன்றும் செய்யாது. டாக்டர் குறி பார்ப்பதற்காக, இங்கேதான் சுடப் போகிறோம் என்று விழித்திரையில் ஒரு புள்ளியைக் காட்டிக்கொண்டிருக்கும். சுடுவது பச்சை. டாக்டர் காலடியில் இருக்கும் மிதியை அழுத்தியதும், சிவப்புப் புள்ளி நிற்கிற அதே இடத்தில் பச்சை போய் இறங்க வேண்டும். அதே இடம் என்றால் அதே இடம். ஒரு தலைமுடி அகலம் தள்ளிப் போனாலும் கண்ணுக்குள் அது வேறு ஊர்.

இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து வைப்பதை இப்போது இயந்திரமே பார்த்துக்கொள்கிறது. சிவப்பை நான் சர்வீஸ் செய்யும்போது கையால் சரிசெய்து பூட்டிவிடுவேன். பச்சையை ஒவ்வொரு காலையிலும் அதுவே தேடிக் கண்டுபிடிக்கும். உள்ளே குட்டி மோட்டார்கள் ஒரு கண்ணாடியை மெல்லத் திருப்பி, பச்சைக் கதிரை ஒரு சென்சாரின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தும். சுண்டு விரல் நகத்தைவிடச் சின்ன சென்சார். நாலாக வெட்டிய ரொட்டியைப் போல நாலு கூறாகப் பிரிந்திருக்கும். நாலு கூறிலும் ஒரே அளவு வெளிச்சம் விழுந்தால் கதிர் நடுவில் இருக்கிறது. ஒரு கூறில் குறைந்தால், கதிர் அந்தப் பக்கத்தை விட்டு விலகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமாக நகர்த்தும். நாலும் சமமானால் 'சரி'. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். டாக்டர்களுக்கு நான் இதைச் சொல்லும்போது, மனிதக் கைக்கு வராத துல்லியம் என்று பெருமையாகத்தான் சொல்வேன்.

அப்பா சுங்கை சிப்புட்டில் இருக்கிறார். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த நிலம் முழுக்க இப்போது செம்பனை. அந்த மண் ரோட்டில் குலைகளை ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் போவதும் வருவதும்தான் அவர் பிழைப்பு. அம்மா போன பிறகு தனியாகத்தான் இருக்கிறார். சனிக்கிழமைகளில் நான் போய்ச் சமைத்து வைத்துவிட்டு வருவேன்.

அப்படிப் போன ஒரு சனிக்கிழமை, லோரியின் இடது பக்கக் கண்ணாடி உடைந்து தொங்குவதைப் பார்த்தேன். மட்டை இடித்துவிட்டது என்றார். மாற்றிக் கொஞ்ச நாளில் மறுபடியும் உடைந்திருந்தது. மறுபடியும் மட்டை. பிறகு வீட்டு வாசலில் இடது பக்கமாக நின்றுகொண்டிருந்த என்னைத் தாண்டிப் போய், "பாப்பா, எங்க இருக்க?" என்று கூப்பிட்டார். 

அவருக்கு இனிப்பு நீர் வியாதி பல வருடமாக உண்டு. கோப்பி ஓ கோசோங் என்று கடையில் சத்தமாகக் கேட்டு வாங்கிக் குடிப்பார். சீனி போடாத அந்தக் கோப்பியோடு பருப்பு வடையையும் கேசரியையும் சேர்த்துக்கொள்வார். கெஞ்சியும் திட்டியும் ஈப்போவுக்குக் கூட்டி வந்து கண்ணைக் காட்டினேன். டாக்டர் சீனப் பெண்மணி. அவர் கிளினிக்கின் லேசரும் என் பொறுப்பில் இருப்பதால் பல வருடப் பழக்கம். அப்பாவை வெளியே உட்கார வைத்துவிட்டு, இடது கண்ணின் பார்வை கிட்டத்தட்ட முழுக்கவே போய்விட்டது, இனித் திரும்பாது என்று என்னிடம் சொன்னார். வலது கண்ணிலும் நடுப்புள்ளிக்குப் பக்கத்திலேயே ரத்தக் குழாய்கள் கசிகின்றன. கசியும் இடங்களை லேசரால் சுட்டு அடைக்க வேண்டும். சுட்டால் பார்வை அதிகமாகாது, இருக்கிறது நிற்கும். சுடாவிட்டால் அதுவும் போகும். இனி லோரி ஓட்டலாமா என்று நான் கேட்டேன். டாக்டர் கூடாது என்று தலையை ஆட்டினார்.

அப்பாவிடம் இதையெல்லாம் டாக்டரே மலாயில் நிதானமாகச் சொன்னார். அப்பா மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்ததும், "இடது கண்ணு நல்லாதான் இருக்கு பாப்பா. தூசி பட்டிருக்கும். வலது கண்ணத்தான் கொஞ்சம் ரிப்பேர் பண்ணணும்னு சொல்றாங்க," என்றார். நான் எவ்வளவோ சொன்னேன். இடது கண்ணைப் பற்றி ஒரு வார்த்தைகூட ஒப்புக்கொள்ளவில்லை.

மிச்சமிருப்பது ஒரே ஒரு கண். அதன் நடுப்புள்ளிக்கு ஒட்டினாற்போல் சுடப் போவது நான் பராமரிக்கும் இயந்திரம். கதிர் எங்கெல்லாம் தவறக்கூடும், எந்தத் திருகு தளரும், எந்தக் கண்ணாடி மங்கும் என்பதெல்லாம் மற்றவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சிகிச்சைக்குத் தேதி குறித்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. வேறு டாக்டரிடம் போகலாமா என்று யோசித்தேன். அங்கே இருப்பதும் ஓர் இயந்திரம்தான். அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது.

இதற்கு நடுவில் அப்பா ஒரு நிபந்தனை போட்டார். "வண்டியச் சுத்திப் பாக்காம நான் ஏற மாட்டேன். அந்த மிஷின எனக்குக் காட்டு. பானெட்டத் தொறந்து காட்டு."

அது அவர் பழக்கம். காலையில் லோரியில் ஏறுவதற்கு முன் ஒரு சுற்று நடப்பார். ஒவ்வொரு டயரையும் காலால் ஒரு தட்டு தட்டுவார். பானெட்டைத் திறந்து எண்ணெய், தண்ணீர் பார்த்து மூடிவிட்டு, சட்டைப் பையில் காகிதத்தில் மடித்து வைத்திருக்கும் திருநீற்றில் ஒரு சிட்டிகை எடுத்து அதன் மேல் பூசிவிட்டுத்தான் சாவியைப் போடுவார். எங்கள் பக்கத்து லோரிக்காரர்கள் எல்லாருக்கும் அந்த மாதிரி ஏதாவது ஒன்று உண்டு. எனக்கு அது பார்த்துப் பழகிய காட்சி. பழகியதாலேயே அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

சிகிச்சைக்கு முந்தின நாள் சர்வீஸுக்கு நேரம் வாங்கியிருந்தேன். கிளினிக்கில் நோயாளிகள் இல்லாத மதியம். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு அப்பாவையும் அழைத்துப் போனேன். அங்கே பல வருடமாக வேலை செய்யும் நர்ஸ் அக்கா, பாகான் டத்தோ பக்கத் தோட்டத்தில் பிறந்த கிறிஸ்தவர், அப்பாவுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு நாற்காலி போட்டார். நான் மூடியைக் கழற்றினேன். அப்பா எழுந்து வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுற்றி ஒரு நடை நடந்தார். டயர் இல்லாததால் மேசைக்காலை ஒரு தட்டு தட்டினார்.

"இவ்ளோதானா? இன்ஜின் எங்க?"

காட்டினேன். கண்ணாடிகள், மோட்டார்கள், சென்சார் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் முகத்தையும் கையையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்புக் கதிரைச் சரிசெய்தேன். பிறகு தாள் சோதனை. இதற்கென்றே ஒரு கறுப்புத் தாள் உண்டு. கண் இருக்க வேண்டிய இடத்தில் அதை வைத்துச் சுட்டால், பச்சை இறங்கிய இடத்தில் வெளுத்த புள்ளி விழும். சிவப்புப் புள்ளி அதன் மேலேயே உட்கார்ந்திருந்தால் எல்லாம் சரி. உட்கார்ந்திருந்தது. மூடுவதற்கு முன் புதிய திருகு ஒன்று காரிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. போய் எடுத்துக்கொண்டு வந்தேன், மூடினேன், அணைத்தேன். அப்பா நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை அவரைக் கூட்டிக்கொண்டு ஈப்போவுக்குக் கிளம்பினேன். நான் ஓட்டினால் அவர் இடது பக்க இருக்கையில் லோரியில் கூட வரும் அட்டெண்டன் மாதிரி உட்கார்ந்துகொள்வார். சந்தி வந்தால் இடது பக்கம் பார்த்து, "கிளியர், போ," என்பார். நான் லைசென்ஸ் எடுத்த நாளிலிருந்து அதுதான் எங்கள் ஏற்பாடு. பெரிய ரோட்டில் ஏறும் சந்தியில் அன்றும் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"கிளியர், போ."

நான் போகவில்லை. நானும் எட்டிப் பார்த்தேன். கேஸ் நிரப்பிய தோம்பு இரண்டைக் கட்டிக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள் இடது பக்கமிருந்து எங்கள் மூக்குக்கு முன்னால் பறந்து போனது.

"எங்கேர்ந்து வந்தான் இவன்? சிக்னல் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றார் அப்பா. நேராக வருகிறவனுக்கு எதற்குச் சிக்னல் என்று நான் கேட்கவில்லை. என் கால் பிரேக்கிலிருந்து எடுபடவே கொஞ்ச நேரம் ஆனது.

கிளினிக்கில் அன்று முதல் ஆள் அப்பாதான். நர்ஸ் அக்கா அவருக்குச் சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரியும்வரை வெளியே உட்கார வைத்தார். உள்ளே இயந்திரத்தின் சுவிட்சைத் திறந்தார். மின்விசிறி சுழன்றது, மோட்டார்கள் கிர் கிர் என்றன, திரையில் 'சரி' வந்தது. நான் மேலங்கியைப் போட்டுக்கொண்டு பையிலிருந்து கறுப்புத் தாளை எடுத்தேன்.

"நேத்துத்தானே பாத்தீங்க?" என்றார் அக்கா. "அதான் ஓகே சொல்லிருச்சேலா. ஒங்களுக்குக் கதவு பூட்டுன மாதிரி இதுவும்." என் கதவுக் கதை அவருக்குத் தெரியும்.

"ஒரே ஒரு தடவக்கா."

அவர் சிரித்துக்கொண்டே தாளை மாட்டினார். எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது. நேற்று மதியம் நானே பார்த்து மூடியது. ஒரு ராத்திரியில் என்ன ஆகிவிடும்? கண்ணாடி மாட்டிக்கொண்டு மிதியை அழுத்தினேன்.

வெளுத்த புள்ளி சிவப்பின் மேல் இல்லை. பக்கத்தில் இருந்தது. பார்த்த கண்ணை நம்பாமல் இன்னொரு முறை சுட்டேன். மறுபடியும் அதே பக்கம், அதே அளவு தள்ளி. திரையில் 'சரி' அப்படியே இருந்தது.  அந்தத் தாளில் அது கடுகளவுகூட இல்லை. அப்பாவின் கண்ணில் அந்த அளவு தள்ளினால் நடுப்புள்ளி.

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. போய்க் கதவைச் சாத்தினார்.

மூடியைக் கழற்றினேன். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடிகள் சுத்தம். மோட்டார் இருந்த இடத்தில் இருந்தது. சென்சாருக்கு வந்தேன். அதன் மேல் இருக்கும் சின்னக் கண்ணாடியில் ஒரு மூலை மட்டும் மங்கலாக இருந்தது. படிந்த தூசியோ பூஞ்சையோ என்று குனிந்தேன். குனிந்ததும் மணம் வந்தது. எனக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த மணம். டார்ச்சைக் கீழே இறக்கினேன். கறுப்புச் சட்டத்தின் அடிப்பக்கம், யார் கண்ணிலும் படாத இடத்தில், மூன்று விரலால் இழுத்த கோடுகள்.

நான் திருகு எடுக்கப் போன நேரத்தில் அப்பா இன்ஜினுக்குத் திருநீறு பூசியிருக்கிறார். மிச்சம் சொச்சம் காலையில் விசிறி சுழன்றதும் பறந்து, சென்சாரின் ஒரு கூறில் போய் உட்கார்ந்துவிட்டது. அந்தக் கூறுக்கு வெளிச்சம் குறைந்தது. கதிர் விலகிவிட்டதாக நினைத்த இயந்திரம் அந்தப் பக்கமாக அதை நகர்த்தி, நாலையும் சமமாக்கி, சரி என்று சொல்லிவிட்டது. அதன் கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. அப்பாவின் மேல், திருநீற்றின் மேல், அவரைத் தனியே விட்டுப் போன என் மேல், அந்தப் பச்சை எழுத்தின் மேல். அதற்குப் பிறகு வந்தது கோபத்தைவிட மோசமானது. இன்றைக்கு முதல் ஆள் அப்பாவாக இல்லாமல் வேறு யாராவதாக இருந்திருந்தால் நான் இங்கே வந்தே இருக்க மாட்டேன். தாளும் வெளியே வந்திருக்காது. அக்கா 'சரி'யைப் பார்த்திருப்பார், டாக்டர் மிதியை அழுத்தியிருப்பார், யாரோ ஒருவருடைய அப்பா கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 

டாக்டரிடம் போய் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சுத்தம் செய், தாளில் காட்டு, எனக்குத் திருப்தியானால் சுடுகிறேன், இல்லாவிட்டால் தேதி மாற்றலாம் என்றார். மாற்றினால் அப்பா மறுபடி வரமாட்டார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

வெளியே அப்பா விரிந்த கண்மணியோடு, எதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் முன்னால் போய் நின்றேன். வலது பக்கமாகத்தான் நின்றேன்.

"அப்பா, நேத்து மிஷின்ல திருநீறு வெச்சீங்களா?"

"ஏன்? தப்பா?"

அவரிடம் மழுப்ப எனக்குத் தெம்பு இல்லை. கதிர் தள்ளிப் போனதைச் சொன்னேன். அவர் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார். 

"அந்த மிஷினுக்குன்னு வெக்கல," என்றார். "திருகக் கழட்டும்போது ஒன் கை நடுங்குச்சு. பாத்தேன். இந்தப் புள்ளைக்குத் தைரியம் குடு சாமின்னு வெச்சேன்."

 உள்ளே போய்விட்டேன்.

நர்ஸ் அக்கா டார்ச் பிடிக்க, காற்றடித்து, துடைத்து, மறுபடி துடைத்தேன். கண்ணாடிகள் ஒவ்வொன்றையும் பார்த்தேன். சட்டத்திலிருந்த கோடுகளை ஈரத் துணியால் எடுக்கும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது. "தொடைங்கலா," என்றார் அக்கா. "நான்கூட ராத்திரி ஒங்கப்பாவுக்கு ஜெபம் பண்ணேன். ஆனா மிஷின் மேல எண்ணெய் பூசல." அந்த நிலைமையிலும் சிரித்துவிட்டேன். மூடியைப் போட்டேன், சுவிட்சைத் திறந்தேன். மோட்டார்கள் கிர் கிர் என்றன. 'சரி' வந்தது. தாளில் சுட்டேன். மேலேயே உட்கார்ந்தது. அணைத்து, மறுபடி திறந்து, மறுபடி சுட்டேன். டாக்டர் வந்து தானே சுட்டுப் பார்த்து, தாளை வெளிச்சத்தில் பிடித்து, போதும் என்றார்.

எனக்குப் போதவில்லை. இன்னொரு துகள் எங்காவது ஒளிந்திருந்தால்? விசிறி மறுபடி அதை எழுப்பினால்? தெரியவே தெரியாது. என் வாழ்க்கையில் எதையும் நான் உறுதியாகச் சொன்னதில்லை. 'பெரும்பாலும்', 'எனக்குத் தெரிந்தவரை', 'இப்போதைக்கு' என்று ஏதாவது ஒரு வாலை ஒட்டித்தான் சொல்வேன். ரிப்போர்ட்டில்கூட அப்படித்தான் எழுதுவேன், மேலதிகாரி அடித்துவிட்டுத் திருப்பி அனுப்புவார்.

அக்கா அப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். நாற்காலியின் முதுகைத் தொட்டதும் அவர் நின்றுவிட்டார். லோரியில் ஏறத் தயங்கி நான் அவரைப் பார்த்ததே இல்லை.

"இப்ப சரியா இருக்கா பாப்பா?"

"மிஷின் சரின்னு காட்டுதுப்பா. தாள்லயும் பாத்தாச்சு. டாக்டரும் பாத்துட்டாங்க."

"காலையிலயும் மிஷின் சரின்னுதானே சொல்லுச்சு. அத விடு. நீ சொல்லு."

டாக்டர் காத்திருந்தார். அக்கா தரையைப் பார்த்தார். அப்பாவின் விரிந்த கண்மணி பெரிய கறுப்பு வட்டமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு கண்ணில்தான் நான் தெரிவேன். பெரும்பாலும் என்று தொடங்க வாய் வந்துவிட்டது. அதை விழுங்கினேன். 

"சரியா இருக்குப்பா. ஒக்காருங்க."

என் குரல் நடுங்கித்தான் வந்தது. அவர் ஒரு கணம் நின்றார். பிறகு உட்கார்ந்து முகவாயைத் தாங்கியில் வைத்தார்.

டாக்டர் கண்ணில் மருந்து விட்டு வில்லையைப் பொருத்தினார். "ஜங்ஙான் கெராக், அங்கிள்," என்றார். அசைய வேண்டாம் என்று நான் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்பா கல்லாக உட்கார்ந்திருந்தார். மிதி அழுந்தும் ஒவ்வொரு முறையும் அறை முழுக்கப் பச்சை மின்னியது. நான் பாதுகாப்புக் கண்ணாடிக்குள் கண்ணை மூடிக்கொண்டேன். ஒவ்வொரு மின்னலும் இமைக்கு வெளியே எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. சேவைப் பொறியாளர் என்று சட்டையில் எழுதிக்கொண்டு சுவரோரம் கண்ணை மூடி நின்றவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

முடிந்ததும் டாக்டர் உள்ளே நன்றாகப் பார்த்தார். அவசரப்படவே இல்லை. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, எங்கே குறி வைத்தேனோ அங்கேதான் விழுந்திருக்கிறது என்றார். நடுப்புள்ளி தப்பித்தது. நான் நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. அக்கா எனக்கு ஒரு குவளை மைலோ கொண்டுவந்து கொடுத்தார், அது நினைவிருக்கிறது. அந்தக் கிளினிக்கில் அதற்குப் பிறகு தினமும் முதல் ஆளுக்கு முன்னால் கறுப்புத் தாளில் சுட்டுப் பார்க்கிறார்கள். என் பொறுப்பில் இருக்கும் மற்ற இடங்களிலும் அப்படிச் செய்யச் சொல்லிவிட்டேன். சிலர் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

வெளியே வெயில். அப்பாவுக்கு எல்லாம் கறுப்பும் ஊதாவுமாகத் தெரிந்ததாம். கொஞ்ச நேரத்தில் போய்விடும் என்றேன். கையைப் பிடிக்கப் போனேன், உதறிவிட்டார். ஒரு கையைக் காரின் மேல் வைத்துத் தடவிக்கொண்டே சுற்றி நடந்தார். ஒவ்வொரு டயரையும் காலால் தட்டினார். ஓட்டுநர் கதவுப் பக்கம் வந்து நின்றார். சாவியைக் கேட்பார் என்று நினைத்தேன். கதவைத் திறந்து எனக்காகப் பிடித்துக்கொண்டார்.

"நீ சரின்னு சொன்னப்போ பயந்துகிட்டேதானே சொன்ன?"

"ஆமாப்பா."

"தெரியும். அதான் ஒக்காந்தேன். பயம் இல்லாம சொல்லியிருந்தா எந்திரிச்சுப் போயிருப்பேன்லா."

வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், தூங்குகிறார் என்று நினைத்தேன். சுங்கை சிப்புட்டுக்குள் நுழைந்து, அவர் தாமானுக்குத் திரும்பும் சந்தியில் நிறுத்தினேன். வலது பக்கம் பார்த்தேன். பழக்கதோஷம், அவர் குரலுக்காகக் காத்திருந்தேன். கிளியர் என்று வரவில்லை. திரும்பினேன். அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். இடது பக்கம் தலையைத் திருப்பி, ரோட்டை ரொம்ப நேரம் பார்த்தார். பின்னால் ஒரு லோரி ஹார்ன் அடித்தது.

"இந்தப் பக்கம் நீயே பாத்துக்க பாப்பா," என்றார். "எனக்கு ரொம்ப நாளா தெரியல."